லிட்டருக்கு இருபத்திரண்டு மில்லிகிராம்

டாக்டர் உல்ரிக்கே ஹார்ட்விக் தன் தொழில் வாழ்க்கையின் முதல் பாதியை பேட்டரிக்குள் லித்தியத்தை அடைப்பதில் கழித்தாள். இரண்டாம் பாதியை அதே லித்தியத்தை வெளியே எடுப்பதில் கழித்தாள். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. முதல் வேலையை ஒரு வெள்ளிக்கிழமை முடித்து, அடுத்ததைத் திங்கட்கிழமை தொடங்கினாள்.

பிறந்தது கிழக்கு ஜெர்மனியில், ரசாயன ஆலைகள் நிறைந்த ஒரு நகரத்தில். ஆலையில் அன்று என்ன சாயம் காய்ச்சினார்களோ அதுதான் அன்றைக்கு ஆற்றின் நிறம். ஜன்னல் விளிம்பில் படியும் சாம்பலை காலையிலும் மாலையிலும் துடைக்க வேண்டும். ஊரில் யாரும் புகார் செய்ததில்லை. செய்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு எட்டு வயதானபோது பெர்லின் சுவர் இடிந்தது, ஆலை மூடியது, ஆறு தெளிந்தது, அப்பாவுக்கு வேலை போயிற்று. இந்த நான்கும் ஒரே வருடத்தில் நடந்ததால் எது நல்லது எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு, பேட்டரிகள் ஏன் சாகின்றன என்பதைப் பற்றியது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏற்றும்போதும் துளி லித்தியம் எங்கோ மாட்டிக்கொண்டு திரும்பி வருவதில்லை. ஆயிரம் முறை ஏற்றினால் ஆயிரம் துளி. அந்தக் காணாமற்போன லித்தியம் எங்கே போகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே ஒரு பெரிய கார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பதினேழு காப்புரிமைகள் வாங்கினாள். ஒரு திருமணமும் விவாகரத்தும் அந்த இடைவெளியில் நடந்தன. பிறகு தூரக்கிழக்கு நாடுகளிலிருந்து மலிவான பேட்டரிகள் வந்து இறங்கின, ஆய்வகத்தை மூடினார்கள். அதற்குள் உலகம் முழுவதும் செத்த பேட்டரிகள் மலைமலையாகச் சேர்ந்துவிட்டிருந்தன. அவற்றைக் கிழித்து லித்தியம் எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது.

அப்படித்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் நெடுங்கொட்டாய் என்ற ஊரின் எல்லையில் இருந்த நித்திலா மறுசுழற்சி ஆலைக்குத் தலைமை வேதியியலாளராக வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே, தான் இளமையில் வடிவமைத்த பேட்டரி ஒன்று கன்வேயரில் வருவதைப் பார்த்தாள். வரிசை எண்ணை வைத்து அடையாளம் தெரிந்தது. அதையும் அரைக்கச் சொன்னாள்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு மாலை வகுப்பில் அவள் தமிழ் படித்திருந்தாள். புத்தகத் தமிழ். "எனக்குத் தாகமாக இருக்கிறது. அருந்துவதற்கு நீர் கிடைக்குமா?" என்று முதல் நாள் அவள் கேட்டதும் கேண்டீன்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆறு வருடம் கழித்தும் அவள் அப்படித்தான் பேசினாள். ஆலையில் பழகிவிட்டார்கள்.

ஆலையில் அவளுக்கு ஒரே ஒரு குறை. உள்ளே வரும் லித்தியத்துக்கும் வெளியே மூட்டையாகப் போகும் லித்தியத்துக்கும் மாதாமாதம் சிறு வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. அளவைப் பிழை என்றார் நிர்வாக இயக்குநர் நந்தகோபன். உல்ரிக்கே தன் வாழ்நாளில் அளவைப் பிழை செய்ததில்லை. ஆனாலும் நூற்றுக்கு ஒன்றுக்காகச் சண்டை போட அவளுக்குத் தெரியாது.

*

மார்ச் பதினோராம் தேதி, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் நஸ்ரின் ஸ்கூட்டியில் வந்தாள். வாணியம்பாடிக்காரி. முப்பத்திரண்டு வயது. ஐஸ்கிரீம் டப்பாவில் பன்னிரண்டு ரத்தக் குழாய்களை அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"மேடம், உங்க லேப்ல உலோகம் அளக்கற மெஷின் இருக்குன்னு சொன்னாங்க. சேலத்துக்கு அனுப்பினா ரிசல்ட் வர மூணு வாரம் ஆகுது."

"எங்கள் கருவி உப்புநீரை அளப்பதற்கானது."

"ரத்தமும் உப்புத்தண்ணிதானே மேடம்."

உல்ரிக்கே யோசித்தாள். சரிதான். "எந்த உலோகத்தைத் தேடுகிறீர்கள்?"

"ஈயம்னு நினைக்கறேன். ஊர்ல பாதிப் பேருக்குக் கை நடுங்குது. கழுத்து வீங்குது. எந்நேரமும் தாகம், எந்நேரமும் ஒண்ணுக்கு. ஆனா ஒருத்தரும் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணல. நானாத்தான் தடுப்பூசி போடப் போனப்ப பாத்தேன்."

ஈயம் இல்லை. பாதரசம் இல்லை. பன்னிரண்டு குழாய்களிலும் லித்தியம் இருந்தது.

தன் கட்டடத்துத் தூசிதான் கலந்துவிட்டது என்று உல்ரிக்கே நினைத்தாள். எல்லாவற்றையும் கழுவி மறுபடி ஓட்டினாள். அதே எண்கள். கடைசியாகத் தன் விரலையே குத்தி, தன் ரத்தத்தையும் வைத்துப் பார்த்தாள். அதில் லித்தியம் இல்லை. ஆலையில் எல்லோரும் கேன் தண்ணீர்தான் குடித்தார்கள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளை நஸ்ரின் வாங்கிப் படித்தாள்.

"மேடம், இது மருந்தோட டோஸ். மனசு ஒரு நிலையில நிக்காத பேஷன்ட்டுக்கு லித்தியம் மாத்திரை குடுப்போம். ரத்தத்துல இந்த லெவலுக்குக் கொண்டுவரத்தான் மாசக்கணக்கா கஷ்டப்படுவோம். இங்க பன்னெண்டு பேரும் கரெக்டா வந்து நிக்கறாங்க."

"அந்த மாத்திரை என்ன செய்யும்?"

"கோபத்தைக் குறைக்கும். துக்கத்தைக் குறைக்கும். சாகணும்னு தோணறதைக் குறைக்கும்." நஸ்ரின் தாளை மடித்தாள். "ரெண்டு வருஷமா இந்த ஊர்ல பூச்சிமருந்து குடிச்ச கேஸ் ஒண்ணுகூட வரல மேடம். அதுக்கு முன்னாடி மாசம் மூணு, நாலு வரும். போலீஸ் ஸ்டேஷன்ல அடிதடி கேஸ் கிடையாது. வரப்புத் தகராறு கிடையாது. அமைதிக் கிராமம்னு ஊருக்குப் பட்டம் குடுத்தாங்க. எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க. நான் பண்ண கவுன்சலிங்னாலதான்னு நினைச்சேன்."

உல்ரிக்கே கருவியை அணைத்தாள்.

"நல்லாத்தான் பண்ணேன் மேடம், கவுன்சலிங்" என்றாள் நஸ்ரின்.

காணாமற்போன லித்தியம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இருபது வருடம் கழித்து உல்ரிக்கேவுக்கு விடை கிடைத்திருந்தது. அது நெடுங்கொட்டாயின் மூவாயிரத்து நானூறு பேருக்குள் போயிருந்தது.

"இதில் ஆபத்து உண்டா?" என்று கேட்டாள்.

"தைராய்டு போகும். வருஷக்கணக்குல சிறுநீரகம் போகும். அதெல்லாம் மெதுவா. எனக்கு பயம் வெயில்தான். வேர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி ஆனாலோ, உடம்பு லித்தியத்தை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். ஒரே நாள்ல மருந்து விஷமாயிடும். இப்ப மார்ச்." அவள் ஐஸ்கிரீம் டப்பாவை மூடினாள். "ஊர்ல சொல்லிடலாமா மேடம்?"

உல்ரிக்கே அதற்குச் சொன்ன பதில் அவள் வாழ்க்கை முழுவதும் சொல்லிவந்த பதில்தான். "இரண்டாவது ஆய்வகம் ஒன்று உறுதி செய்யட்டும். அதுவரை காத்திருப்போம்."

*

மறுநாள் காலை கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர் முனிரத்தினத்தை அழைத்துக்கொண்டு உப்புக் குளத்துக்குப் போனாள். லித்தியம் எடுத்தபின் மிஞ்சும் உப்புநீரை வெயிலில் ஆவியாக்கும் குளம் அது. அடியில் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரித்திருக்கும். வடகிழக்கு மூலையில் அந்த விரிப்பு இரண்டு ஆள் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அங்கிருந்து ஊர் ஆழ்துளைக் கிணறு நானூறு அடி.

முனிரத்தினம் நெடுங்கொட்டாய்க்காரர். ஆலை தொடங்கிய காலத்தில் வாரத்துக்கு மூன்று புகார்க் கடிதம் எழுதியவர். ஒருமுறை நந்தகோபனின் கார் மீது ஹெல்மெட்டை எறிந்தவர். வேலை தெரிந்தவர் என்பதால்தான் அவரை வைத்திருந்தார்கள்.

"இது எப்போது கிழிந்தது?"

"ரெண்டு வருஷம் இருக்குங்க டாக்டரம்மா."

"ஏன் தெரிவிக்கவில்லை?"

"தெரிவிக்கணும்னுதான் இருந்தேன்." முனிரத்தினம் குளத்தைப் பார்த்தார். அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் பரவால்லன்னு தோணிடுச்சுங்க."

ஊர்க் குழாயில் லிட்டருக்கு இருபத்திரண்டு மில்லிகிராம் இருந்தது. அதே தண்ணீரில் ஒரு குப்பியை இரண்டாவது ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, உல்ரிக்கே அறிக்கையோடு நந்தகோபனின் அறைக்குப் போனாள். அவர் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். படிக்காமல் விட்டார் என்று அவரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. எதையும் முழுதாகப் படிப்பவர்.

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்களா டாக்டர்?"

"இல்லை. புகார் செய்ய முடியாத அளவுக்கு அவர்கள் நலமாக இருக்கிறார்கள். சிக்கலே அதுதான்."

"அமைச்சர் ஜூன் மாசம் அந்த ஊருக்கு வர்றார். மத்த ஊருக்கெல்லாம் முன்மாதிரின்னு அறிவிக்கப்போறார். இப்பப் போய் குளத்தைத் தோண்டினா என்ன அர்த்தம்? மழைக்கு முன்னாடி சரி பண்ணிடலாம். நீங்க எழுத்துல குடுத்துடுங்க."

எழுத்தில் கொடுத்தாள். எட்டு வாரத்தில் நான்கு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. நஸ்ரினும் தன் மேலதிகாரிகளுக்கு எழுதினாள். மாதிரியை உரிய வழியில் அனுப்பும்படி அவளுக்குச் சொன்னார்கள். உரிய வழியில் அனுப்பினாள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

மே ஐந்தாம் தேதி, தக்காளி பறிக்கப் போயிருந்த முனிரத்தினத்தின் மனைவி பச்சையம்மாளுக்கு வாந்தி வந்தது. முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு. தாகத்துக்கு ஒரு குடம் தண்ணீரை அப்படியே குடித்திருந்தாள். நிழலில் படுக்கவைத்தபோது நாக்கு குழறியது, கால் இழுத்தது. நஸ்ரின் பார்த்த உடனே புரிந்துகொண்டு கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை பச்சையம்மாள் இறந்தாள். வயது நாற்பத்தொன்று.

இரண்டாவது ஆய்வகத்தின் முடிவு ஏழாம் தேதி வந்தது. லிட்டருக்கு இருபத்தொன்று புள்ளி எட்டு. உல்ரிக்கேவின் அளவு சரியாகத்தான் இருந்தது.

*

சாவுக்கு அவள் போனாள். தமிழ்நாட்டில் ஆறு வருடத்தில் மூன்று சாவுகளைப் பார்த்திருக்கிறாள். சத்தம் தெரு முனையிலேயே கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டு வாசல் வரை போன பிறகும், சரியான வீடுதானா என்று சந்தேகமாக இருந்தது. பந்தலடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் புடவைத் தலைப்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த பச்சையம்மாளின் தங்கை பத்து மணிக்கு வந்து இறங்கினாள். "அக்கா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று தெருவிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள். அழுதுகொண்டே சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவளை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. தப்பான இடத்தில் கத்திவிட்டவள்போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

முனிரத்தினம் உல்ரிக்கேவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"அழுகை வரலீங்க டாக்டரம்மா" என்றார், சுவர்க் கடிகாரம் ஓடவில்லை என்று சொல்வதுபோல. "இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவ. அழணும்னு தெரியுது. எங்கயோ கதவு சாத்தியிருக்கிற மாதிரி இருக்கு. வரமாட்டேங்குது."

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உல்ரிக்கேவுக்குப் பயம் வந்தது. அவள் பிறந்த ஊரிலும் யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் அங்கே சாவு வீட்டில் அழுதார்கள்.

அன்று மாலையே ஊர்க்கூட்டம் போடச் சொன்னாள். மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. உல்ரிக்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் புத்தகத் தமிழில், கிழிந்த விரிப்பிலிருந்து பச்சையம்மாளின் மரணம் வரை எல்லாவற்றையும் படித்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"உங்களுக்குக் கேள்விகள் உண்டா?"

முன்வரிசைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "டீ சாப்பிடறீங்களா டாக்டரம்மா?"

"நீங்கள் குடிக்கும் நீர் உங்களைக் கொல்லக்கூடும் என்று சொன்னேன்."

"ஆமாங்க, கேட்டோம்" என்றார் அவர். "தெளிவாத்தான் சொன்னீங்க."

ஊராட்சித் தலைவர் எழுந்து, டாக்டரம்மா வெயிலில் சிரமப்பட்டு வந்து விளக்கியதற்காக ஊர் சார்பில் நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கிளம்பும்போது ஒரு கூடை செந்தூரா மாம்பழத்தைக் காரில் வைத்தார்கள். பச்சையம்மாளைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

நஸ்ரினும் காரில் ஏறிக்கொண்டாள். மாம்பழ வாசனை தாங்காமல் ஜன்னலை இறக்கினாள்.

"தண்ணியை நிறுத்தணும் மேடம். ஆனா அதுலயும் ஆபத்து இருக்கு. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா அடக்கி வச்சதெல்லாம் மொத்தமா வரும். சண்டை வரும். பூச்சிமருந்து கேஸ் வரும். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். வேற வழியில்ல. ஆனா அவங்களைக் கேக்காமலே செய்யறதா?"

"இன்று கேட்டோம் அல்லவா?"

"கேட்டோம்."

"கேட்டபோது அவர்கள் அங்கே இல்லை" என்றாள் உல்ரிக்கே. "முதலில் வரட்டும். பிறகு இன்னொரு முறை கேட்போம்."

*

உப்புக் குளத்துக்குப் போகும் வால்வை அவளும் முனிரத்தினமும் சேர்ந்து மூடினார்கள். சாவியை உல்ரிக்கே பையில் போட்டுக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்த ஆலை ஆறு மணி நேரத்தில் நின்றது. அறிக்கையைப் பத்து அலுவலகங்களுக்கும் மூன்று பத்திரிகைகளுக்கும் அனுப்பினாள். நந்தகோபன் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார். அந்தக் கடிதத்தையும் அவர் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

உல்ரிக்கேவும் நஸ்ரினும் ஊர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள். முதல் வாரம் பழைய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தார்கள், அடுத்த வாரம் பழையது கால் பங்கு, மூன்றாம் வாரம் முழுக்க நல்ல தண்ணீர். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் சப்பென்று இருப்பதாக மட்டும் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் டீக்கடையில் இரண்டு பேர் தினசரித் தாளுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் விலக்கிவிட மறந்து வேடிக்கை பார்த்தார். பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் ஒரு வரப்பில் மண்வெட்டி ஓங்கப்பட்டது. பத்தொன்பதாம் நாள் நஸ்ரின் போன் செய்தாள். பூச்சிமருந்து கேஸ். இருபத்தாறு வயதுப் பையன். பிழைத்துவிட்டான். "ரெண்டு வருஷத்துல முதல் கேஸ் மேடம்" என்றாள். ஷீல்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, லாரியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த முனிரத்தினம் மோட்டாரை நிறுத்தாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். உல்ரிக்கே பக்கத்தில்தான் இருந்தாள். அவர் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதக் குரல் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. தொட்டி நிரம்பி, வழிந்து, அவர் வேட்டியை நனைத்தது. ஒரு மணி நேரம் அழுதார். சத்தம் கேட்டு வந்த பெண்களில் ஒருத்தி பச்சையம்மாளின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காரியம் முடிந்த பிறகு, தண்ணீர்த் தொட்டியடியில், பச்சையம்மாளுக்காக நெடுங்கொட்டாய் அழுதது.

*

இரண்டாவது கூட்டத்தில் அதே அறிக்கையைப் படித்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது பக்கத்துக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

"எங்கள என்ன எலின்னு நினைச்சீங்களா?" என்று ஒருவர் கத்தினார். ஒருத்தி தன் வீங்கிய கழுத்தைத் தொட்டுக்காட்டி, என் கல்யாணத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். போன மாதம் டீ வேண்டுமா என்று கேட்டவர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். நஸ்ரின் எழுந்து பேசப்போனாள், உட்காரவைத்துவிட்டார்கள். உல்ரிக்கேவுக்குப் பயமாக இருந்தது. அதே சமயம், ஆய்வகத்தில் சோதனை சரியாக வந்தால் ஏற்படும் திருப்தியும் கொஞ்சம் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சத்தம் அடங்கியது.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. இந்தத் தண்ணி விஷயம் உங்களுக்கு எப்ப தெரியும்?"

அறிக்கையில் அந்தத் தேதி ஏழாம் பக்கத்தில் இருந்தது. படித்திருந்தால் தானாக வந்திருக்கும்.

"மார்ச் பதினொன்று."

"எம் பொஞ்சாதி செத்தது மே ஆறு."

"ஆம்."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

"கடிதம் எழுதினேன். இரண்டாவது ஆய்வகத்தின் முடிவுக்குக் காத்திருந்தேன்."

முனிரத்தினம் தலையாட்டினார். அந்தப் பழைய கோபம், ஹெல்மெட்டை எறிந்த கோபம், முழுதாக அவர் முகத்துக்குத் திரும்பியிருந்தது.

"நாங்க அந்தத் தண்ணியக் குடிச்சோம், சும்மா இருந்தோம். நீங்க என்னத்தக் குடிச்சீங்க?"

உல்ரிக்கே அறிக்கையில் ஏழாம் பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். கல் எங்கிருந்து வந்தது என்று அவள் பார்க்கவில்லை. புருவத்தில் பட்டது. முனிரத்தினம் எறியவில்லை என்பது மட்டும் தெரியும். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

*

புருவத்தில் மூன்று தையல். ஆலைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கில் நந்தகோபன் முதல் எதிரி, உல்ரிக்கே இரண்டாவது. பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாள். அமைச்சரின் வருகை ரத்தாயிற்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, இரண்டு வருட ரத்த அளவுகள் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் மிகவும் பணிவாகக் கேட்டிருந்தது. அவள் பதில் எழுதவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டது அவளுக்கு அதுவே முதல்முறை.

ஜூன் மாத மத்தியானம் ஒன்றில் அவள் குடியிருப்பின் கதவு தட்டப்பட்டது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெயர் காவேரி என்றாள். மேட்டுத்தெரு.

"டாக்டரம்மா, பழைய தண்ணி கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்களா?"

"எந்த நீர்?"

"அதாங்க. நிறுத்தினீங்களே, அது."

"அம்மா, அது நஞ்சு. நான் வாசித்தபோது நீங்கள் அங்கே இல்லையா?"

"ரெண்டு தடவையும் இருந்தேங்க. எனக்காகக் கேக்கலீங்க. எங்க வீட்டுக்காரருக்கு." குடத்தை இறக்கிவிட்டு, ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். மஞ்சளாக மாறிய பழைய தடங்கள் இருந்தன. அவற்றின்மேல் நீலமாகப் புதியது இருந்தது. "ரெண்டு வருஷம் கைய ஓங்கலீங்க. சாயங்காலமானா உக்காந்து வேர்க்கடலை உரிப்பாரு. எம் பொண்ணு அவரு மடியிலதான் தூங்கும். அதுக்கு நாலு வயசு. அப்பன் அடிப்பான்னே அதுக்குத் தெரியாது, போன மாசம் வரைக்கும்."

உல்ரிக்கே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க அளவு தெரிஞ்சவங்க" என்றாள் காவேரி. குரலில் கெஞ்சல் இல்லை. கடையில் சாமான் விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். "எவ்வளவு போட்டா உசுருக்கு ஒண்ணும் ஆகாது, எவ்வளவு போட்டா சும்மா இருப்பாரு. அதை மட்டும் சொன்னாப் போதும். நான் பாத்துக் கலந்துக்கறேன்."

உல்ரிக்கேவுக்கு அது தெரியும். குடத்தின் கொள்ளளவு, ஆளின் எடை, மாதம் என்ன என்பதைச் சொன்னால் மில்லிகிராம் கணக்கில் சொல்லிவிடுவாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

காவேரி ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள். "தெரியுங்க உங்களுக்கு."

தெருவில் ஒரு லாரி போயிற்று.

"தெரியும்" என்றாள் உல்ரிக்கே. "ஆனால் சொல்ல மாட்டேன்."

"சரிங்க." காவேரி குனிந்து குடத்தை எடுக்கப்போனாள். எடுக்காமல் நிமிர்ந்தாள். "அப்ப இன்னிக்குச் சாயங்காலம் நான் எங்க போறது? அதையாவது சொல்லுங்க."

யாருக்கு எழுதலாம் என்று உல்ரிக்கேவின் மனம் பழக்கத்தில் தேடியது. காவல் நிலையம், மகளிர் ஆணையம், மாவட்ட அலுவலகம், நஸ்ரின். பொருள், பார்வை, இணைப்பு. பிறகு அவள் குனிந்து அந்தக் குடத்தைத் தானே எடுத்து உள்ளே வைத்தாள்.

"உங்கள் மகள் இப்போது எங்கே இருக்கிறாள்?"

"பால்வாடியிலங்க. நாலு மணிக்கு விட்டுடுவாங்க. அவருதான் கூட்டிட்டு வருவாரு."

மணி மூன்றேகால் ஆகியிருந்தது. உல்ரிக்கே செருப்பைத் தேடினாள்.